டாசன் ஒரு நாள் தூரம், வெளியே அடைமழை: யூக்கான் கனூ பயணக் கேள்வி பதில்

வடமேற்குக் கனடாவில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டிவரை யூக்கான் ஆற்றில் கனூ எனும் திறந்த துடுப்புப் படகில் போவது 700 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பயணம். இரண்டு வாரம் எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். நடுவில் கடை கண்ணி உள்ள ஊர் என்றால் கார்மாக்ஸ் ஒன்றுதான். ஊர் சேர்ந்து குளித்து, துவைத்து, ஓய்வெடுக்கப் போகும் நாளுக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இந்தத் தொகுப்பில் உள்ள கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவை.

கேள்வி: அக்கா, டாசனுக்கு இன்னும் 70 கி.மீ. இருக்கும்போது கடைசிக் கூடாரம் போடுவதாகத் திட்டம். காலையில் எழும்போது மழை கொட்டினால் கிளம்பலாமா, காத்திருக்கலாமா? டாசனில் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று.

பதில்: முன்பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அறைக்காகக் கிளம்புகிறவர்கள்தான் இந்த நாளில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள். காற்றில்லாத மழையில் ஓட்டலாம். ஆற்றின் நடுவில் வெள்ளை நுரை தலைகாட்டினால் இருந்த இடத்திலேயே இருங்கள். டாசனுக்கு மேலே ஆறு மிக அகலம். ஓட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமுமாக மோதும் இடங்களில் குட்டையான, செங்குத்தான அலை எழும். சுமை ஏற்றிய கனூவுக்குள் தண்ணீர் தெறிக்க அது போதும். அடுத்தது எதிர்க்கரை. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கிளம்பாதீர்கள். தீவுகளுக்கு நடுவே எந்தக் கிளையில் போகிறோம் என்று புரியாது, மிதந்து வரும் மரங்களும் கடைசி நேரத்தில்தான் தெரியும். மூன்றாவதாக, எல்லாரிடமும் ஒரு மாற்றுடை முழுசாகக் காய்ந்து இருக்கிறதா, ஸ்லீப்பிங் பேக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒருவருடையது நனைந்திருந்தாலும் அன்றைய வேலை அதை உலர்த்துவதுதான்.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. டாசன் 64 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும், ஜூலையிலும் இரவு 11 மணிக்குப் புத்தகம் படிக்கலாம். அங்கே ஓட்டமே மணிக்கு 8 முதல் 10 கி.மீ. துடுப்பும் போட்டால் 70 கிலோமீட்டரை ஆறேழு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆகவே காலை மழைக்குக் கூடாரத்தில் படுத்திருந்து, மதியம் 2 மணிக்கு மழை விட்ட பின் கிளம்பினாலும் வெளிச்சத்திலேயே சேர்வீர்கள். ஆகஸ்ட் கடைசி என்றால் இந்தச் சலுகை கிடையாது. அப்போது 9 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும்.

இரவு 11 மணிக்கு ஈரத்தோடு ஊரில் இறங்கி, பூட்டிய கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் சுகம் ஒன்றுமில்லை. 15 கி.மீ. மேலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை 10 மணிக்குள் ஊர் சேர்ந்தால், துணி துவைக்க ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். அதனால் நாளை ஊர்தானே என்று மிச்ச உணவையும் அடுப்பு எரிபொருளையும் முந்தின இரவே தீர்த்துவிடாதீர்கள். ஒரு நாள் சாப்பாடும் ஒரு நாள் எரிபொருளும் ஊர்க் கரையைத் தொடும்வரை படகில் இருக்கட்டும்.

கேள்வி: நல்ல விலைக்கு ரெயின் ஜாக்கெட் வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் உள்ளே எல்லாம் ஈரம். ஜாக்கெட் மோசமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. துடுப்புப் போடும்போது நனைவதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று வியர்வை. உள்ளே கனமாக உடுத்திக்கொண்டு வேகமாகத் துடுப்புப் போட்டால் ஆவி வெளியேற முடியாமல் துணியின் உட்பக்கத்தில் நீராகிவிடும். இரண்டாவது கை மணிக்கட்டு. துடுப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கம்பு வழியே இறங்கி, சட்டைக் கைக்குள் முழங்கைவரை போகும். மூன்றாவது இருக்கை. முழங்கால்வரை வரும் ஜாக்கெட்டின் ஓரத்திலிருந்து வழிந்த நீர் இருக்கையில் தேங்கி, அதன்மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதற்குமேல் மழை ஜாக்கெட். துடுப்புப் போடும்போது லேசாகக் குளிருவதுபோல இருந்தால்தான் அளவு சரி. மணிக்கட்டுப் பட்டையை இறுக்குங்கள். துடுப்பில் பிடிக்கு ஒரு சாண் கீழே ரப்பர் வளையம் போட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். நியோபிரீன் கையுறையும் உதவும். மழைக் காற்சட்டை கட்டாயம், இடுப்புக்குமேல் மார்புவரை வரும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாக்கெட்டுக்கு மேலேதான் லைஃப் ஜாக்கெட். அதுவும் உடம்புச் சூட்டைக் காக்கும்.

பருத்தி எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் அறவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். பான்ச்சோ எனும் போர்வை மழையங்கியும் வேண்டாம். காற்றில் பறந்து முகத்தை மூடும், கவிழ்ந்தால் கைகளைச் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: குடை பிடிக்கலாமா? ஓட்டம் இழுத்துக்கொண்டு போகிறதே, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்?

பதில்: காற்றே இல்லாத தூறலில், முன்னால் இருப்பவர் சூப் குடிக்கும் பத்து நிமிடத்துக்குப் பிடிக்கலாம். மற்ற நேரத்தில் இரண்டு கையும் துடுப்பில் இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் மழையில் குளிர் ஏற முதல் காரணம்.

கேள்வி: திறந்த கனூவுக்குள் மழைநீர் எவ்வளவு சேரும்? கவலைப்படும் அளவா?

பதில்: 5 மீட்டர் நீளமுள்ள பயணக் கனூவின் திறந்த பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30 லிட்டர், அதாவது 30 கிலோ. டாசன் வறண்ட பகுதி. மழையும் பனியும் சேர்த்தே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் வரும். நாள் முழுக்கத் தூறினாலும் 10 மில்லிமீட்டரைத் தாண்டாத நாட்கள் நிறைய. ஆனால் அந்த 30 லிட்டர் ஓரிடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கெண்டைக்கால் நனையும்வரை விட்டுவைக்காதீர்கள்.

4 லிட்டர் ப்ளீச் கேனின் அடியைச் சாய்வாக வெட்டினால் நல்ல நீர் இறைப்பான். கைப்பிடி இருக்கும், மூடியைக் கழற்றாமல் வெட்டுங்கள். கடைசி அரை அங்குல நீருக்குப் பெரிய ஸ்பாஞ்ச். இரண்டையும் கயிறு போட்டுப் படகில் கட்டுங்கள். பின்னால் இருப்பவரின் காலடியில் தண்ணீர் கூடும்படி பின்பக்கம் மிகச் சிறிதளவு கனமாக ஏற்றினால் ஒரே இடத்தில் இறைக்கலாம். மூட்டைகளுக்கு அடியில் மணிக்கட்டுக் கனத்தில் இரண்டு கழிகளைக் குறுக்கே போட்டால் அவை நீரில் உட்காராது. கனூவின் மேல் மூடும் துணி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மழையோடு, வைட்ஹார்ஸைத் தாண்டி வழியில் வரும் லபார்ஜ் ஏரியின் அலையையும் அது தடுக்கும். லபார்ஜ் 50 கி.மீ. நீளம், அங்கே மழை நாளில் கரையை விட்டு விலகவே கூடாது.

கேள்வி: வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்கு டிரை பேக் என்று பெயர்தான். கடைசி நாளில் திறந்தால் உள்ளே சொதசொத. எங்கே தப்பு?

பதில்: வாயில்தான். மடிப்பு மூன்றுக்குக் குறையக் கூடாது, நான்கு நல்லது. பையை முழுக்க அடைத்தால் மூன்று மடிப்புக்கு இடமிருக்காது. முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். மடிக்கும்முன் வாயின் இரு உதடுகளையும் மணல் இல்லாமல் துடைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து நேராக்குங்கள். ஒரு சின்ன வண்டல் கோடு இருந்தால்கூட நீர் ஊடுருவும். அடியில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க, காற்றை நிரப்பி மூடி, தண்ணீருக்குள் அழுத்துங்கள். குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுங்கள்.

எவ்வளவு நல்ல பையானாலும் ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுடையையும் உள்ளே தனியாகக் கனத்த குப்பைப் பையில் முறுக்கிக் கட்டி வையுங்கள். ஈரக் கூடாரத்தை அந்தப் பைக்குள் ஒருபோதும் திணிக்காதீர்கள். கடைசி நாளில் எல்லாரும் செய்யும் காரியம் இது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் புகாத பையை உள்ளிருந்தே நனைத்துவிடுவீர்கள். கூடாரத்துக்கு ஒரு பழைய வலைப்பை போதும்.

கேள்வி: என் மனைவிக்கு நடுக்கம் வந்தால் அது சாதாரணக் குளிரா, ஆபத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: நடுங்குகிறார், ஆனால் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் உடம்பு இன்னும் போராடுகிறது. அப்போதே கரைக்கு வாருங்கள். அடுத்த கட்டத்தின் அடையாளங்கள் சிறியவை: தொப்பி விழுந்ததைக் கவனிக்காமல் இருப்பது, ஜிப்பை மூட முடியாமல் தடவுவது, துடுப்பைத் தவறான பக்கம் போடுவது, பேச்சு குழறுவது, காரணமில்லாத எரிச்சல், பிறகு ஒன்றும் பேசாமல் இருப்பது. அரை மணிக்கு ஒருமுறை ஒருவருக்கொருவர் இரண்டு வரி பதில் தேவைப்படும் கேள்வியாகக் கேளுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியவில்லை என்றால் உடனே கரை.

உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. 32 சுமாருக்கு வரும்போது நடுக்கம் நின்றுபோகும். நடுக்கம் நின்றதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. இதற்கு உறைபனி தேவையில்லை. 10 டிகிரி வெப்பம், ஈர உடை, காற்று, வெறும் வயிறு, இந்த நான்கும் சேர்ந்தால் கோடையிலேயே வரும்.

கரையில் செய்யும் வரிசை: காற்று படாத இடம், தலைக்குமேல் தார்ப்பாய். ஈர உடை முழுவதையும் கழற்றி, துடைத்து, உலர்ந்த உடை, தொப்பி, காலுறை. கீழே ஃபோம் பாய், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். தரைக்குப் போகும் சூடு காற்றுக்குப் போவதைவிட அதிகம் என்பதால் பாயை மறக்காதீர்கள். தானாகக் கோப்பையைப் பிடித்து விழுங்க முடிந்தால் சர்க்கரை நிறையப் போட்ட வெந்நீர்ப் பானம். சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணி சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள், சாராயம் கொடுக்காதீர்கள். நடுக்கமும் இல்லாமல் தெளிவும் இல்லாமல் இருந்தால் படுக்கவைத்தே மென்மையாகக் கையாளுங்கள், எழுப்பி நடக்கவைத்தால் இதயத் துடிப்பு குலையலாம். செயற்கைக்கோள் கருவியில் உதவிப் பொத்தானை அழுத்த வேண்டிய கட்டம் அது. கார்மாக்ஸைத் தாண்டி டாசன் வரும்வரை கைப்பேசியை நம்ப முடியாது.

கேள்வி: தங்கச்சி, எனக்கு 61 வயது. மழை நாளில் மதியம் இறங்கிச் சமைப்பது பெரிய பாடு. ரசம், கஞ்சி மாதிரி ஏதாவது படகிலேயே முடியுமா?

பதில்: முடியும் அண்ணா. அடுப்பு வேலை காலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கும் ரசத்தையோ சூப்பையோ ஊற்றினால் ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் ஆவி பறக்கும். கஞ்சிக்குக் குருணையை வறுத்துப் பொடித்துக்கொண்டு போங்கள். ஒரு லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி போதும், பிளாஸ்கிலேயே வெந்துவிடும். அதற்குமேல் போட்டால் வாயில் அடைத்துக்கொள்ளும். ரசப்பொடி, உப்பு, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் இரட்டை ஜிப் பையில் இருக்கட்டும், நமுத்தால் கட்டியாகிவிடும்.

ரசம் சூட்டுக்கு நல்லது, சக்திக்குப் போதாது. கூடவே கொழுப்பு வேண்டும். நெய் ஒரு கரண்டி, முந்திரி, வேர்க்கடலை, பாலாடைக்கட்டி, பொரிவிளங்காய் உருண்டை போன்றவற்றை ஜாக்கெட் பையிலேயே வைத்து ஒரு மணிக்கு ஒருமுறை வாயில் போடுங்கள். பசித்த பின் சாப்பிடலாம் என்று இருக்க வேண்டாம், மழையில் பசி தாமதமாகத்தான் தெரியும். தண்ணீரும் அப்படித்தான். நனைந்துகொண்டே தாகத்தை மறந்துவிடுவோம்.

கேள்வி: கொட்டும் மழையில் கரையேறினால் முதல் வேலை எது? கூடாரமா, தீயா? நனைந்த விறகை எப்படிப் பற்றவைப்பது?

பதில்: முதல் வேலை படகு. இரண்டு ஆள் நீளம் மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டுங்கள். கனூவை ஆறு கொண்டுபோன பின் மற்றது எதற்கும் அர்த்தமில்லை. இரண்டாவது தார்ப்பாய். அதனடியில்தான் உடை மாற்றுவதும், சமைப்பதும். கூடாரம் அங்கிருந்து தள்ளி.

தார்ப்பாய் 3க்கு 4 மீட்டர் இருந்தால் நான்கு பேருக்கும் போதும். 12 மீட்டர் கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே தலை உயரத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் பாயைப் போடுங்கள். காற்று வரும் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி ஆப்பு அடிக்க வேண்டும், திறந்த பக்கம் காற்றுக்கு முதுகு. கயிற்றின் இரு முனையிலும், பாய் தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே, ஒரு சின்ன நூல்துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து கயிறு வழியே ஓடிவரும் நீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும், பாய்க்கு அடியில் வராது. கூழாங்கல் திட்டில் மரம் இல்லை என்றால் கனூவைப் பக்கவாட்டில் நிறுத்தி, துடுப்புகளால் முட்டுக்கொடுத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து பாயை இழுங்கள்.

தீக்கு: தரையில் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். நின்றபடியே செத்த ஸ்ப்ரூஸ் மரம், மணிக்கட்டு முதல் தொடை கனம்வரை, ரம்பத்தால் முழங்கை நீளத் துண்டுகளாக அறுத்து, கைக்கோடரியால் நான்காகப் பிளந்தால் நடுவில் வெளுத்துக் காய்ந்த கட்டை இருக்கும். ஒரு வாரம் மழை பெய்தாலும் அந்த நடுக்கட்டை நனையாது. அதைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவுங்கள், சுருள்கள் கட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படி ஐந்தாறு குச்சிகள். அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களின் அடிப்பக்கத்தில், பச்சைக் கிளைகளின் மறைவில், தீக்குச்சியைவிட மெல்லிய காய்ந்த சுள்ளிகள் இருக்கும். ஒடித்தால் சடக்கென்று சத்தம் வரவேண்டும், வளைந்தால் வேண்டாம். இரண்டு கைப்பிடி எடுங்கள். விழுந்து கிடக்கும் பிர்ச் மரத்தின் பட்டையில் எண்ணெய் இருப்பதால் ஈரத்திலும் எரியும். உயிருள்ள மரத்திலிருந்து உரிக்காதீர்கள்.

ஈரக் கூழாங்கல்மேல் நேராக மூட்டினால் கீழிருந்து ஏறும் ஆவியே தீயைக் கொன்றுவிடும். பிளந்த கட்டைகள் நான்கைந்தை வரிசையாக அடுக்கி மேடையாக்கி, அதன்மேல் பட்டை, சுள்ளி, சீவல் குச்சி என்று ஏற்றுங்கள். காற்று வரும் பக்கத்திலிருந்து பற்றவையுங்கள். பலர் தோற்பது அவசரத்தில். சுள்ளி பிடித்தவுடன் பெரிய கட்டையைப் போட்டு அணைத்துவிடுவார்கள். பென்சில் கனம், பிறகு கட்டைவிரல் கனம், பிறகுதான் மணிக்கட்டு. தீ, பாயின் ஓரத்துக்கு வெளியே ஒரு எட்டுத் தள்ளி இருக்கட்டும், பொறி பட்டால் நைலான் ஓட்டையாகும். உடம்பு நடுங்கும் ஆள் இருந்தால் தீயை மறந்து எரிவாயு அடுப்பைப் பற்றவையுங்கள். ஏழு நிமிடத்தில் வெந்நீர், தீக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

கேள்வி: கூடாரத்து முன்வாசலில் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். மூடிய இடத்தில் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை வராது, தலைவலியும் தூக்கமும்தான் வரும். இன்னொன்று கரடி. யூக்கானில் கருங்கரடியும் கிரிஸ்லியும் உண்டு. சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மழை என்று அந்தத் தூரத்தைக் குறைக்காதீர்கள். மழைச் சத்தத்தில் நீங்கள் வருவது கரடிக்குக் கேட்காது, விறகுக்குப் போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கரடி ஸ்ப்ரே படகு மூட்டையில் இல்லாமல் இடுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: இடி இடித்தால்?

பதில்: முதல் முழக்கத்திலேயே கரை. கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி படகு. கரையில் தனி மரத்தடியையும் உயர்ந்த மேட்டையும் தவிர்த்து, ஒரே உயரமான சிறு மரங்களுக்கு நடுவே, ஃபோம் பாயின்மேல் குந்தி, ஒருவரிலிருந்து ஒருவர் தள்ளி இருங்கள்.

கேள்வி: தீவில் கூடாரம் போட்டால் கரடித் தொல்லையும் கொசுவும் குறைவு என்கிறார்கள். மழை இரவில் தீவு சரியா?

பதில்: கொசு குறைவு என்பது நிஜம். கரடி நன்றாக நீந்தும், அதை நம்பாதீர்கள். மழை இரவில் பார்க்க வேண்டியது உயரம். உங்கள் தலைக்குமேல் பெய்யும் மழையைவிட, யூக்கானில் வந்து கலக்கும் பெல்லி, ஒயிட், ஸ்டூவர்ட் ஆறுகளின் மேட்டுநிலங்களில் பெய்த மழைதான் ஆற்றை உயர்த்தும். அது ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும், வானம் வெளுத்த பிறகும் வரும். ஒயிட் ஆறு பனியாறுகளிலிருந்து வருவதால் வெயில் நாட்களிலும் ஏறும்.

நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு கோடு போட்டு வையுங்கள். படுக்கும்முன் விரலளவு ஏறியிருந்தாலும் இடத்தை மாற்றுங்கள். பழைய மிதவைமரங்கள் ஒதுங்கிய கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஆறு அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். கூடாரம் அதற்கும் மேலே, வில்லோ செடிகளைத் தாண்டி, முற்றிய மரங்கள் உள்ள மேட்டில்.

காலையில் ஆறு ஏறியிருந்தால் கரையை ஒட்டி ஓட்டாதீர்கள். வெளிவளைவுகளில் கரை அரித்து, மரங்கள் வேரோடு சாய்ந்து நீர்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், படகும் ஆளும் போக முடியாது. வளைவில் நுழையும்முன்பே உள்வளைவுப் பக்கம் போய்விடுங்கள். நுழைந்த பின் கடக்கலாம் என்றால் ஓட்டம் விடாது.

கேள்வி: ஒயிட் ஆறு கலந்த பின் தண்ணீர் சேறாகிவிடும் என்கிறார்களே. வடிகட்டி போதுமா?

பதில்: போதாது, இரண்டு லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். ஒயிட் ஆறு பனியாற்றுப் பொடியையும், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலைச் சாம்பலையும் சுமந்து வருகிறது. அது சேர்ந்ததிலிருந்து டாசன்வரை படகின் அடியில் சரசரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அமைதியான மழையில் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், அழகாக இருக்கும்.

குடிக்க அந்த மழையே நல்ல வழி. தார்ப்பாயின் தாழ்ந்த மூலைக்கு அடியில் பாத்திரம் வையுங்கள். முதல் பத்து நிமிட நீர் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும், பிறகு பிடிப்பது தெளிவாக இருக்கும், கொதிக்கவைத்துக் குடிக்கலாம். மழை இல்லாத நாளில் பக்க ஓடைகளில், யூக்கானோடு கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே போய் எடுங்கள். ஆற்றுநீரே கதி என்றால் வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணி சுற்றிய வடிகட்டியில் விடுங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கும், தெளிந்த நீர் சுத்தமான நீர் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: எங்களுடைய ஓய்வு ஊர் கார்மாக்ஸ். மழைக்குப் பின் ஃபைவ் ஃபிங்கர் ரேபிட்ஸ் என்ற வேகப் பாய்ச்சல் பயப்படும்படி இருக்குமா?

பதில்: கார்மாக்ஸிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. கீழே அது. பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன. ஓட்டத்தின் திசையைப் பார்த்து வலக்கோடி வழி மட்டுமே கனூவுக்கு. மழைக்குப் பின் நீர் கூடினால் அங்கே நிற்கும் அலை பெரிதாகும். அதனால் கார்மாக்ஸில் ஓய்வெடுத்த மறுநாள் காலையிலேயே அதைக் கடக்கத் திட்டமிடுங்கள். வெகு முன்னாலேயே வலக்கரைக்குப் போய், படகிலுள்ள நீரை இறைத்து, மூட்டைகளைக் கட்டி, மண்டியிட்டு உட்கார்ந்து, வழியின் நடுவே துடுப்பை நிறுத்தாமல் போங்கள். அதையடுத்து வரும் ரிங்க் ரேபிட்ஸிலும் வலக்கரைதான்.

கேள்வி: மழை மூட்டத்தில் டாசனைத் தவறவிட்டுவிடுவோமா? எந்தக் கரையில் ஒதுங்குவது?

பதில்: ஊருக்குப் பின்னால் மலையில் மூஸ்ஹைட் சரிவு என்ற வெளுத்த தழும்பு இருக்கிறது. தெளிந்த நாளில் தொலைவிலிருந்தே அடையாளம். மூட்டத்தில் தெரியாது, ஆகவே வரைபடத்தில் தீவுகளைப் பார்த்துக்கொண்டே, கடைசி 10 கி.மீ. வலக்கரைப் பக்கமாக இருங்கள். ஊர் வலக்கரையில். அதற்குச் சற்று மேலே, அதே கரையில் க்ளோண்டைக் ஆறு தெளிந்த நீரோடு வந்து கலக்கும். பழுப்பும் தெளிவும் பக்கம் பக்கமாக ஓடுவதைக் கண்டால் ஊர் வந்துவிட்டது. அங்கே குறுக்கோட்டம் படகின் முன்பக்கத்தைத் தள்ளும், சற்று வேகமாகத் துடுப்புப் போடுங்கள்.

அரசாங்க முகாம் இடம் எதிரில், இடக்கரையில். இரண்டு கரைக்கும் நடுவே இலவசப் படகுச்சேவை, ஜார்ஜ் பிளாக் என்ற ஃபெர்ரி, வண்டிகளை ஏற்றிக்கொண்டு போய்வந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள், அது ஏறும் சரிவுப் பாதையில் படகை விடாதீர்கள். எந்தக் கரை என்பதை இரண்டு கிலோமீட்டர் முன்பே முடிவு செய்யுங்கள். தாண்டிவிட்டால் ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது, கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒதுங்கும்போது படகின் முன்பக்கத்தை மேலோட்டத்தை நோக்கித் திருப்பி, கரையோர அமைதி நீருக்குள் நுழையுங்கள். முன்னால் இருப்பவர் இறங்கிக் கயிற்றைக் கட்டும்வரை பின்னால் இருப்பவர் எழவே கூடாது. கடைசிப் பத்து அடியில் கவிழ்கிறவர்கள் எழுந்து நின்றவர்கள்தான்.

கேள்வி: ஊரில் ஒரே ஒரு ஓய்வு நாள். எதை முதலில் காயப்போடுவது? எனக்கு இதில் எப்போதும் குழப்பம்.

பதில்: கரையேறியதும், வந்து சேர்ந்த செய்தியை வீட்டில் காத்திருப்பவருக்குச் சொல்லுங்கள். தாமதமானால் அவர்கள்தான் தேடலைத் தொடங்குவார்கள்.

அடுத்து ஸ்லீப்பிங் பேக். காய அதிக நேரம் எடுப்பது அதுதான். இறகு வகை என்றால் பெரிய உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், இரண்டு சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு, மூன்று மணி நேரமாவது ஓட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் கட்டிகளை விரலால் உடையுங்கள். வெளியே காய்ந்து உள்ளே கட்டியாக இருந்தால் முடியவில்லை என்று அர்த்தம். நாணயம் போடும் இயந்திரங்கள் இருக்கும், ஒரு டாலர், கால் டாலர் நாணயங்களைப் பயணத் தொடக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். அது ஓடும்போது நீங்கள் குளித்துவிடலாம்.

கூடாரத்தையும் தார்ப்பாயையும் இயந்திரத்தில் போடாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். நிழலில் தொங்கவிட்டால் காற்றிலேயே இரண்டு மணி நேரத்தில் காயும். மழை தொடர்ந்தால் அறையின் குளியல் கம்பியில் பாதி பாதியாக. அடிப்பகுதியின் ஓரத் தையல்களைத் தொட்டுப் பாருங்கள், பூசணம் தொடங்குவது அங்கேதான். ரெயின் ஜாக்கெட்டை அதற்கான சோப்பில் அலசி, லேபிளில் எழுதியபடி லேசாகச் சூடு காட்டினால் நீர் மறுபடி முத்து முத்தாக உருண்டோடும். துடுப்பிலும் லைஃப் ஜாக்கெட் பட்டையிலும் உள்ள வண்டலை நல்ல நீரில் கழுவுங்கள், கொக்கிகள் சிக்குவது அதனால்தான். டிரை பேக்குகளை உள்வெளியாகத் திருப்பி வையுங்கள்.

காலணி விஷயம் ஒன்று: டாசனில் முன்தெருவைத் தவிர மற்ற தெருக்களுக்குத் தார் கிடையாது. நடைபாதைகள் பலகை. மழையில் தெருக்கள் களிமண்ணாகும், பலகை வழுக்கும். பயணத்தில் போட்ட ரப்பர் பூட்ஸையே ஊரிலும் போடுங்கள். காய்ந்த காலணியை அறைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் பயணம் தொடர்கிறவர்களுக்கு அது தேவைப்படும்.